பேட்டிக்கு உங்கள் வீட்டுக் கதையைக் கேட்கிறார்களா? கேமரா வருவதற்கு முன் இதைப் படியுங்கள்

ராப் பாடுகிறவனுக்கு ஒரு பாட்டு கொஞ்சம் ஓட ஆரம்பித்தால், மேடைக்குக் கூப்பிடுவதற்கு முன்னாலேயே பேட்டிக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். "ப்ரோ, உங்க லைஃப் ஸ்டோரி பண்ணலாம்" என்பார்கள். எனக்கும் அப்படித்தான் வந்தது. அந்த ஒரு பேட்டியால் என் தங்கைக்குப் பேசி முடித்த கல்யாணம் நின்றது, கையில் இருந்த பணம் போனது, அம்மா மாதக்கணக்கில் கடைத்தெருப் பக்கம் போகாமல் வீட்டுக்குள்ளேயே கிடந்தார். பிரச்சனை வெடித்த ராத்திரி உட்கார்ந்து தேடினேன். எந்த மைக் வாங்கலாம், பீட் எப்படிப் போடலாம் என்று ஆயிரம் வீடியோ இருக்கிறது. குடும்பக் கதையைச் சொல்வதற்கு முன் என்னென்ன பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தமிழில் ஒருவரும் எழுதியிருக்கவில்லை. புதிதாகப் பாட வரும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

எங்களுக்குப் பூர்வீகம் தேனிப் பக்கம். நான் கைக்குழந்தையாக இருந்தபோது அப்பாவும் அம்மாவும் திருப்பூருக்குப் பிழைக்க வந்தார்கள். லைன் வீடு. ஒரே சுவரைப் பங்கு போட்டு வரிசையாக வீடுகள், கடைசியில் எல்லோருக்கும் பொதுவாகத் தண்ணீர்த் தொட்டி. அப்பா ஓவர்லாக் மெஷின் டெய்லர், அம்மா தைத்த துணியில் பிசிறு வெட்டிச் சரிபார்க்கும் செக்கிங் வேலை. காலை எட்டரைக்குப் போனால் ஒன்றரை ஷிப்ட் முடித்து இருட்டிய பிறகுதான் வருவார்கள். சனிக்கிழமை சம்பளம், அன்றைக்கு மட்டும் புரோட்டா. பள்ளி லீவு விட்டால் நானும் கம்பெனிக்குப் போய், அம்மா பக்கத்தில் பீஸ் மூட்டை மேல் உட்கார்ந்திருப்பேன். ஓவர்லாக் மெஷின் சத்தத்தைக் கவனித்துக் கேட்டிருக்கிறீர்களா? மிதித்தால் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். பனியனுக்குப் பக்கவாட்டில் அடிக்கும்போது நீளமாக ஒரே ஓட்டம், கைப்பகுதியைத் தைக்கும்போது சின்னச் சின்னதாக வெட்டி வெட்டி ஓடும். நாற்பது மெஷின் ஒரே நேரத்தில் இப்படி நின்று நின்று ஓடுவதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குத் தாளம் எங்கிருந்து வந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டாம். அப்புறம் மொபைல் கடையில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக்கொடுப்பார்கள், அதில்தான் மலேசியத் தமிழ் ராப் குழுவான யோகி பி, நட்சத்ரா பாட்டுகள் கிடைத்தன. 2006-இல் வந்தது எங்கள் கைக்கு வர நாலைந்து வருஷம் ஆனது. தமிழில் இப்படிப் பேசிக்கொண்டே பாடலாம் என்று தெரிந்த நாளில் இருந்து நோட்டில் எழுத ஆரம்பித்தேன்.

எங்கள் வீட்டில் இன்னொரு நோட்டும் உண்டு. அப்பா சீட்டுப் பிடித்தார். கம்பெனியிலும் லைனிலும் தெரிந்தவர்களை வைத்து மாதம் ஆயிரம் ரூபாய் ஏலச் சீட்டு, இரண்டு குரூப். நல்லபடியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளை எல்லாம் மூடச் சொன்னது. துணிக்குச் சாயம் போடாமல் பனியன் கம்பெனி எப்படி ஓடும்? வேலை குறைந்தது, ஒவ்வொரு குடும்பமாகச் சொந்த ஊருக்குக் கிளம்பியது. முதல் சில ஏலங்களிலேயே சீட்டு எடுத்தவர்கள் மீதித் தவணையைக் கட்டாமல் போய்விட்டார்கள். கடைசி வரை கட்டியவர்கள் எங்கள் வாசலில் நின்றார்கள். அப்பா வேலை தேடிப் பெங்களூருக்குப் போனார். ஓடிப்போய்விட்டார் என்று லைனில் பேசிக்கொண்டார்கள். அவர் அங்கே கார்மென்ட்ஸில் தைத்து மாதாமாதம் அனுப்பிக்கொண்டுதான் இருந்தார். அம்மா அதையும் தன் சம்பளத்தில் பாதியையும் சேர்த்து, ஒவ்வொருவருக்காகப் பல வருஷம் கொடுத்தார். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் பெயர், தொகை, பக்கத்தில் பேனாவால் ஒரு டிக். வாங்கியவர் கையெழுத்து எதிலும் இல்லை. கூடவே உட்கார்ந்து பிசிறு வெட்டுகிற அக்கா தங்கச்சியிடம் கையெழுத்துக் கேட்க அம்மாவுக்கு வாய் வரவில்லை.

அந்த நோட்டைப் பற்றித்தான் என் பாட்டு. பீட்டுக்கு 6,000, ஒலியைச் சரிசெய்யும் மிக்ஸிங் மாஸ்டரிங்குக்கு 8,000, வீடியோவுக்கு 15,000 என்று என் சேமிப்பு மொத்தமும் அதில் போனது. பாட்டில் ஒருத்தர் பெயரும் கிடையாது, சீட்டு என்ற சொல்கூடக் கிடையாது. கடன் கொடுத்து முடித்த ஒரு அம்மாவின் பாட்டு, அவ்வளவுதான். எழுதி முடித்ததும் முதலில் அம்மாவிடம்தான் படித்துக் காட்டினேன். "நல்லாருக்குய்யா" என்றார். அதனால்தான் பேட்டி என்றபோதும் அம்மா தயங்கவில்லை.

கேமராவோடு இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். முதலில் என்னிடம் இசை பற்றிக் கொஞ்ச நேரம். அப்புறம் அம்மாவை உட்காரச் சொன்னார்கள். அம்மா செக்கிங் வேலையை விட்டு வருஷக்கணக்காகிறது, இப்போது ஒரு பள்ளியில் ஆயா வேலை. ஆனாலும் பக்கத்து வீட்டில் இருந்து ஒரு கட்டு பனியன் வாங்கிவந்து மடியில் வைத்து, ட்யூப் லைட்டுக்குக் கீழே பிசிறு வெட்டச் சொன்னார்கள். பேட்டி எடுத்த தம்பி நன்றாகப் பேசினார், அம்மா அம்மா என்றுதான் கூப்பிட்டார். "அம்மா, அந்த நோட்டு இன்னும் இருக்கா? எடுங்களேன்." அம்மா பீரோவில் இருந்து எடுத்துக் கொடுத்தார். கேமராக்காரர் பக்கம் பக்கமாகப் பிடித்தார். பெயர், தொகை எல்லாம் தெளிவாக விழுந்தது. கிளம்பும்போது பைக் சீட்டின் மேல் வைத்து ஆங்கிலத்தில் இரண்டு பக்கத் தாளில் எங்கள் இருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். "ஃபார்மாலிட்டிதான்" என்றார்கள். நகல் தரவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். எந்தத் தாளானாலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் உங்கள் போனில் எல்லாப் பக்கத்தையும் படம் எடுங்கள். அதற்கு யாரும் மறுக்கக் கூடாது, மறுத்தால் அங்கேயே புரிந்துகொள்ளுங்கள். இப்போதெல்லாம் அந்தப் படத்தை வைத்தே போனில் தமிழாக்கிப் படித்துவிடலாம், ஐந்து நிமிடம் போதும். மூன்று இடத்தைக் கட்டாயம் பாருங்கள்: எடுத்த காட்சியை எங்கெல்லாம் பயன்படுத்தலாம், எவ்வளவு காலம், வெட்டி வேறு யாருக்காவது கொடுக்கலாமா. நாங்கள் கையெழுத்துப் போட்டதில் எல்லா ஊடகத்திலும், என்றைக்கும், யாருக்கும் என்று இருந்தது என்பது நான் ரொம்பக் கெஞ்சி நகல் வாங்கியபோதுதான் தெரிந்தது. இது காட்சிக்கான சம்மதம். உங்கள் பாட்டை எழுதிக் கொடுப்பது வேறு. பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு, பாட்டின் உரிமையை எழுத்து மூலம்தான் கொடுக்க முடியும் என்கிறது. காலம் போடாவிட்டால் ஐந்து வருஷம், எல்லை போடாவிட்டால் இந்தியா மட்டும் என்றே எடுத்துக்கொள்ளும். அதனால் 'என்றைக்கும்', 'உலகம் முழுவதும்' என்று எழுதியிருந்தால், அதைத் தெரிந்துதான் எழுதியிருக்கிறார்கள்.

வீடியோ வந்தது. முகப்புப் படத்தில் அழுகிற அம்மா, பக்கத்தில் எங்கள் சுவரில் மாட்டியிருந்த அப்பாவின் கல்யாணப் படம். தலைப்பில் சீட்டுப் பணம், ஓடிப்போன அப்பா, பிச்சையெடுக்காத குறை என்று என்னென்னவோ. ஓடிப்போனார், பிச்சை என்றெல்லாம் அம்மா சொல்லவே இல்லை. பெங்களூரில் இருந்து பணம் வந்ததை அம்மா சொன்ன பகுதி வீடியோவிலேயே இல்லை. இரண்டே நாளில் லட்சக்கணக்கில் பார்வை ஏறியது. எனக்குச் சந்தோஷமாகப் பேசிய நண்பர்கள் நிறைய. அம்மாவுக்கு வந்த போன்கள் வேறு மாதிரி. நோட்டில் பெயர் தெரிந்த ஒரு அக்கா புருஷனுக்குத் தெரியாமல் சீட்டுக் கட்டியவர், அவர் வீட்டில் பெரிய சண்டை. இன்னொருவர் நேரில் வந்து தனக்கு 40,000 இன்னும் வரவில்லை என்றார். நோட்டில் டிக் இருக்கிறது, கையெழுத்து இல்லை. வாசலில் நின்று சத்தம் போட்டதும் அம்மா பாதியை, 20,000-ஐக் கொடுத்து அனுப்பினார். அது தங்கை கல்யாணத்துக்காக எடுத்து வைத்த பணம். மாப்பிள்ளை வீட்டார் சம்பந்தம் வேண்டாம் என்று தரகரிடம் சொல்லியனுப்பினார்கள், அவ்வளவுதான். மண்டபத்துக்குக் கொடுத்த 30,000 அட்வான்ஸ் திரும்ப வரவில்லை. தங்கை என்னிடம் கோபப்படவே இல்லை. "விடுண்ணே, இப்பவே தெரிஞ்சது நல்லது" என்றாள். கோபப்பட்டிருந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். அந்த வாரம் பூராவும் எனக்குச் சோறு இறங்கவில்லை, ஒரு வரி எழுத முடியவில்லை. 15,000 ரூபாய்க்குப் பேசியிருந்த கல்லூரி நிகழ்ச்சிக்கு வரமுடியாது என்று சொல்லிவிட்டேன்.

சட்டப்படியும் ஒரு ஆபத்து இருந்தது. பதிவு செய்யாமல் சீட்டு நடத்துவது 1982-ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டப்படி குற்றம். நம் ஊரில் தெருவுக்குத் தெரு நடக்கிறது, யாரும் அதைக் குற்றமாக நினைப்பதில்லை. ஆனால் கேமரா முன் "எங்க வீட்டுக்காரர் சீட்டுப் பிடிச்சார்" என்று பெயரோடு சொன்னால் அது பதிவாகி நிற்கும் என்று வக்கீல் சொன்னபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது. உங்கள் வீட்டுக் கதையில் கந்துவட்டி, அனுமதியில்லாத வேலை, பழைய அடிதடி, பதினெட்டுக்கு முந்தைய கல்யாணம் என்று ஏதாவது இருக்கலாம். நம்மைப் போன்ற வீடுகளில் இல்லாமல் இருக்காது. பாட்டில் வைப்பது உங்கள் உரிமை. பேட்டியில் பெயர், ஊர், வருஷம் சேர்த்துச் சொல்வதற்கு முன் ஒரு வக்கீலிடம் கேட்டுவிடுங்கள். நான் ஆலோசனைக்கும் நோட்டீஸுக்குமாக 7,500 கொடுத்தேன். பெண்களுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம் என்பது பின்னால்தான் தெரிந்தது. அம்மாவுக்கு அந்த உதவி கிடைத்திருக்கும்.

வக்கீல் இன்னொரு விஷயமும் சொன்னார். கொலைக் கைதி ஆட்டோ சங்கர் எழுதிய சுயசரிதையை நக்கீரன் இதழ் வெளியிடுவது தொடர்பான வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்புக் கொடுத்திருக்கிறது. தன்னுடைய, தன் குடும்பத்தின், திருமணத்தின், பிள்ளைப்பேற்றின், படிப்பின் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ள ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு, சம்மதம் இல்லாமல் அதைப் பற்றி வெளியிடக் கூடாது. பொது ஆவணத்தில் இருப்பதற்கும், தானே முன்வந்து சர்ச்சையில் இறங்கியவருக்கும் விலக்கு உண்டு. "உங்க அம்மா தானே உட்கார்ந்து பேசிட்டாங்க தம்பி, கையெழுத்தும் போட்டாச்சு. அப்பா சம்மதிக்கவே இல்லையே, அவர் வழக்குப் போட்டா பலமா இருக்கும்" என்றார். நான் அப்பாவிடம் பேசினேன். அவர் அந்த வீடியோவைத் தங்கியிருக்கும் அறையில் கூட இருப்பவர்கள் காட்டித்தான் பார்த்திருக்கிறார். வழக்கு வேண்டாம் என்றுவிட்டார். "உன் பாட்டுக்கு இடைஞ்சல் ஆயிரும்ய்யா." அதற்கு மேல் நான் பேசவில்லை.

சரி, வீடியோவை எடுக்க என்ன செய்யலாம்? எனக்கு நாள்கள் வீணானது இதில்தான். யூடியூபில் அந்தரங்க மீறல் புகாருக்குத் தனிப் படிவம் இருக்கிறது. யார் முகமோ பெயரோ வந்திருக்கிறதோ அவரேதான் புகார் கொடுக்க வேண்டும். நான் என் கணக்கில் இருந்து அம்மாவுக்காகப் போட்டது எடுபடவில்லை. அம்மாவின் கணக்கில் இருந்து, எந்த நிமிடம் எந்த நொடியில் என்ன தெரிகிறது என்று குறித்துப் போட்ட பிறகுதான் வேலை நடந்தது. வெளியிட்டவருக்கு 48 மணி நேரம் அவகாசம் கொடுப்பார்கள். சேனல் நோட்டுப் பக்கங்களை மங்கலாக்கியது, முகப்புப் படத்தையும் தலைப்பையும் மாற்றியது. பேட்டி அப்படியேதான் இருக்கிறது. அப்பாவின் படத்துக்கு அப்பாதான் புகார் கொடுக்க வேண்டியிருந்தது, போனில் ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிப் போட வைத்தேன். புகார் போடுவதற்கு முன் வீடியோவையும், தலைப்பையும், தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிடுங்கள். அவர்கள் மாற்றிய பிறகு உங்களிடம் சான்று இருக்காது. இதற்கு நடுவில் பேட்டியில் போட்ட என் பாட்டுக்கு அவர்கள் தரப்பில் இருந்து என் சேனலுக்கே, பாட்டு தங்களுடையது என்று உரிமைக் கோரல் வந்தது. அப்படி வந்தால் ஐந்து நாளைக்குள் மறுப்புத் தெரிவியுங்கள், கோரல் வந்த நாளில் இருந்து அந்த வீடியோவின் வருமானத்தை யாருக்கும் கொடுக்காமல் நிறுத்தி வைப்பார்கள். எதிர்த்தரப்பு பதில் சொல்ல 30 நாள் உண்டு. எனக்கு அந்த வருமானம் திரும்பக் கிடைத்தது.

ராப் பாடகன் என்றால் ஏன் எல்லோரும் முதலில் வீட்டைக் கேட்கிறார்கள் என்று நிறைய யோசித்தேன். கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. இந்த இசையே வீட்டில் இருந்து வந்ததுதான். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸில், செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் குடியிருப்பில் நடந்த பார்ட்டியைத்தான், ராப்பும் அடங்கிய ஹிப்-ஹாப்பின் பிறந்தநாள் என்கிறோம். பள்ளிக்கூடம் திறக்கும்போது துணி வாங்கக் காசு சேர்க்கத்தான் சிண்டி கேம்ப்பெல் அதை நடத்தினார். இசை போட்டது அண்ணன் கூல் ஹெர்க், ஜமைக்காவில் இருந்து குடியேறிய குடும்பம். தங்கையின் பள்ளித் துணிக்காக ஆரம்பித்த ஒன்று என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனது நிறையும். ஆனால் வீட்டுக் கதை சொன்னவர்கள் வீட்டில் என்ன ஆனது என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்க ராப் பாடகர் எமினெம் தன் அம்மாவைப் பற்றிப் பேசியதற்கு, அவருடைய அம்மா டெபி 1999-இல் சுமார் ஒரு கோடி டாலர் கேட்டு அவதூறு வழக்குப் போட்டார். கடைசியில் 25,000 டாலருக்குச் சமரசம், வக்கீல் செலவு போக அவர் கைக்கு வந்தது சுமார் 1,600 டாலர்தான். மகன் பாட்டிலேயே மன்னிப்புக் கேட்க 2013 ஆகிவிட்டது. நம் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, ராப் பாடகி எம்.ஐ.ஏ.வை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனில் பிறந்து, குழந்தையாக யாழ்ப்பாணம் போய், போரில் இருந்து தப்பி மறுபடி லண்டனுக்கு அகதியாக வந்தவர். அம்மா தையல் வேலை செய்து வளர்த்தார். 2005-இல் முதல் ஆல்பத்துக்கு அப்பாவின் இயக்கப் பெயரையும், 2007-இல் அடுத்ததற்கு அம்மாவின் பெயரையும் வைத்தார். அப்பா, ஈழப் போராட்ட இயக்கங்களில் ஒன்றான ஈரோஸைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஆனால் வெளிநாட்டு ஊடகங்களில் பல அவரை விடுதலைப் புலிகள் இயக்கத்தைச் சேர்ந்தவர் என்றே எழுதின, மகள் எத்தனை முறை திருத்தினாலும் அது அவர் பின்னாலேயே வந்தது. ஈரோஸையும் புலிகளையும் பிரித்துச் சொல்லப் பொறுமை இல்லாத ஊடகத்துக்கு, பெங்களூருக்கு வேலைக்குப் போனவருக்கும் ஓடிப்போனவருக்கும் உள்ள வித்தியாசம் எங்கே புரியப்போகிறது?

இப்போது யார் கேட்டாலும் வாட்ஸ்அப்பில் நான் அனுப்புவது இதுதான், வேண்டுமென்றால் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்: "என் குடும்பத்தினர் யாருடைய முகமும், பெயரும், படமும், வீட்டில் உள்ள தாள்களும் அவரவர் எழுத்தில் சம்மதம் தராமல் வரக் கூடாது. வெளியிடும் முன் முழு வீடியோவையும் தலைப்பையும் முகப்புப் படத்தையும் எனக்குக் காட்ட வேண்டும். என் பாட்டை 30 நொடிக்கு மேல் பயன்படுத்தக் கூடாது, அதன் பேரில் எந்த உரிமைக் கோரலும் எழுப்பக் கூடாது." 'சரி' என்று எழுத்தில் பதில் வந்த பிறகுதான் தேதி கொடுப்பேன். வாய்ப் பேச்சில் ஒத்துக்கொண்டால் அதையும் "நீங்கள் இப்படிச் சொன்னீர்கள்" என்று நானே எழுதி அனுப்பிவிடுவேன். ஒரு சேனல் இதைப் படித்துவிட்டு அப்புறம் கூப்பிடவே இல்லை. இன்னொன்று ஒத்துக்கொண்டது, ஓவர்லாக் சத்தத்தைப் போனில் பதிவு செய்து எப்படி பீட் ஆக்கினேன் என்பதைப் பற்றியே பேசினோம். பார்வை குறைவுதான், ஆனால் அதைப் பார்த்து ஒரு கல்லூரியில் இருந்து பயிற்சி வகுப்பு எடுக்கக் கூப்பிட்டார்கள்.

வீட்டில் பேசுவதும் முக்கியம். அம்மாவிடம் மட்டும் கேட்டால் போதாது. கதையில் யார் வருகிறார்களோ அத்தனை பேரிடமும், வெளியூரில் இருந்தால் போனிலாவது, என்ன சொல்லப் போகிறோம் என்று முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அவர் பகுதி வேண்டாம். கடன் கணக்கு இருந்தால் பழையதாக இருந்தாலும் எழுதி வாங்குங்கள். சண்டை அடங்கிய பிறகு அம்மா நோட்டில் உள்ளவர்களில் திருப்பூரில் இருப்பவர்களை ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்து, "பாக்கி எதுவும் இல்லை" என்று ஒரு வரி எழுதி வாங்கி வருகிறார். பெரும்பாலானவர்கள் உட்காரவைத்து டீ கொடுத்துத்தான் எழுதித் தந்தார்கள். அந்த 40,000 கேட்டவர் மட்டும் இன்னும் தரவில்லை. தங்கைக்கு மறுபடி பார்த்துக்கொண்டிருக்கிறோம், வருகிற வரனிடம் சீட்டு விஷயத்தை நாங்களே முதலில் சொல்லிவிடுகிறோம்.

பழைய பேட்டியை வெட்டி வேறு கணக்குகளில் போட்ட துண்டுகள் இன்னும் சுற்றுகின்றன. கண்ணில் பட்டால் அம்மாவின் போனை வாங்கிப் புகார் போடுகிறேன். முதல் புகாரில் எழுதிய வரிகளைச் சேமித்து வைத்திருக்கிறேன், இணைப்பையும் நேரத்தையும் மாற்றினால் போதும், பத்து நிமிட வேலை.